பாலாடையின் மூக்கு

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக நியூயார்க் போயிருந்தபோது கூப்பர் ஹியூவிட் டிசைன் மியூசியத்தைப் பார்த்தேன். 1902இல் ஆண்ட்ரூ கார்னகி குடிபுகுந்த 64 அறை மாளிகை. நாற்காலி, தேநீர்க் கெண்டி, சுவரில் ஒட்டும் காகிதம் என்று வீட்டுச் சாமான்களை நகை மாதிரி வைத்திருக்கிறார்கள். என் ஊர் நாச்சியார்கோவில். நமக்கு ஏன் இந்த டிசைன் அறிவு வரவே இல்லை? தஞ்சை அரண்மனையில் இப்படி ஒன்று அமைக்க யாரிடம் பேச வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

யாரிடம் பேசுவது என்பது பிறகு. மாளிகையின் அழகைப் பற்றியும் எனக்குச் சண்டை இல்லை. 'வரவே இல்லை' என்றீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. நாச்சியார்கோவில்காரர் எழுதுகிற வரியா இது? உங்கள் ஊர்ப் பட்டறைகளில் குத்துவிளக்கை அடி, தண்டு, தட்டு, முடி என்று தனித்தனியாக வார்த்து, மரையிட்டுப் பூட்டுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். இது யோசிக்காமல் வந்ததா?

போன வாரம் என் தங்கைக்குப் பேரன் பிறந்தான். "நம்ம வீட்டுப் பாலாடை எங்கேண்ணா?" என்று கேட்டாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தைத்தான் கேட்டாள். அப்போதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

அவள் எட்டாம் மாதத்தில் பிறந்தவள். உறிஞ்சத் தெம்பில்லை. பாட்டி அவளை மடியில் சற்று நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைப்பாள். ஒரு சொட்டு. தொண்டை அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் மணிக்கட்டு இன்னொரு நூல் சரியும். அந்தச் சாமானை மனதில் கொண்டுவந்து பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் குழி. ஒரு பக்கம் மட்டும் நீண்டு குறுகும் மூக்கு. குறுகுவதால்தான் பால் குபுக்கென்று கொட்டுவதில்லை. மூடியும் இல்லை, மூலையும் இல்லை. வெந்நீர் ஊற்றி விரலை ஒரு சுற்று சுற்றினால் சுத்தம். புட்டியின் ரப்பர் காம்பு போல அழுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. குறைமாதக் குழந்தைகளுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் பாலாடையால் புகட்டுகிறார்கள். டிசைன் என்று வேறு எதைச் சொல்வீர்கள்?

அந்த வெள்ளிப் பாலாடையை 20 வருடம் முன்பு வீடு மாறும்போது எடைக்குப் போட்டேன். விளிம்பில் பாட்டியின் கட்டைவிரல் பட்ட இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கடையில் பழசு என்று கழிவு போட்டார்கள். வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணி வாங்கினேன். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் பார்த்த மியூசியம் அந்த மாளிகைக்குள் வந்தது 1976இல்தான். 1897இல் ஹியூவிட் சகோதரிகள் அதைத் தொடங்கியது, தாத்தா பீட்டர் கூப்பர் நிறுவிய கல்லூரியில். தொழில் கற்கிறவர்கள் நல்ல சாமான்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகட்டும் என்றுதான் சேர்த்தார்கள். மாளிகை இல்லாமலே அது ஆரம்பித்துவிட்டது, தம்பி.

சரி, ஊருக்கு வரும்போது தஞ்சை அரண்மனைக்குப் போங்கள். கலைக்கூடம் 1951 முதல் அங்கே இருக்கிறது. திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் நில்லுங்கள். 1011இல் செய்த செப்புத் திருமேனி. ரிஷபம் தொலைந்துவிட்டது. ஆனால் அதன் மேல் சாய்ந்த கை அப்படியே இருக்கிறது. அந்தக் கைக்குக் கீழே பாருங்கள். காளை எவ்வளவு உயரம், எங்கே நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் வீட்டுக்குப் போய், உங்களுக்குப் புகட்டிய பாலாடை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால், மூக்கு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆசாரியிடம் காட்டித் தங்கைக்கு ஒன்று செய்யச் சொல்ல வேண்டும்.