மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து 5 வாரம், கீமோ தேதி இன்னும் வரவில்லையே என்ற கேள்விக்கு

சகோதரி, 5 வாரம் என்பது இன்னும் தாமதமில்லை. பொதுவாக 4 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவார்கள். 90 நாளைத் தாண்டவிடக் கூடாது. டிரிபிள் நெகட்டிவ் (ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் கட்டியில் காணப்படாத வகை) என்றால் இன்னும் விரைவாகக் கேட்க வேண்டும்.

பெரும்பாலும் இழுத்தடிப்பது பயாப்ஸி ரிப்போர்ட்தான். ஹெர்2 முடிவு 2+ (உறுதியாகச் சொல்ல முடியாத நிலை) என்று வந்தால், ஃபிஷ் பரிசோதனை (ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்ப்பது) முடியாமல் மருந்தை முடிவு செய்ய முடியாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, "ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் வந்துவிட்டதா? ஃபிஷ்ஷுக்கு என்றைக்கு அனுப்பினீர்கள்?" என்று தேதியோடு கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் சர்ஜனிடமே பேசுங்கள்.

காத்திருக்கும் நாளில் எக்கோவும் (இதய ஸ்கேன்) பல் பரிசோதனையும் முடித்துவிடலாம். கைப்பயிற்சியை விடாதீர்கள், ரேடியேஷன் தேவைப்பட்டால் கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்க வேண்டும். காயம் சிவந்தாலோ, நீர் கோத்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். புண் ஆறாவிட்டால் கீமோ தள்ளிப்போகும்.