இரத்தத்தில் பூஞ்சை: எந்தக் கணித மாதிரி பொருந்தும்?

கேள்வி: மனித இரத்தத்தில் கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையைக் கலந்து, நான்கு மணி நேரம் வரை காலனி எண்ணிக்கை (ஊட்டத் தட்டில் வளரும் பூஞ்சைத் திட்டுகளின் எண்ணிக்கை) எடுத்திருக்கிறேன். நோயெதிர்ப்பு செல்கள் ஒவ்வொன்றின் பங்கையும் கணிக்க வகைக்கெழுச் சமன்பாடுகள் போதுமா, அல்லது செல்களைத் தனித்தனியே நகரவிடும் மாதிரி தேவையா?

பதில்: சமன்பாடுகள் போதும்; தரவுதான் போதாது. தட்டில் முளைப்பவை உயிருள்ள பூஞ்சைகள் அனைத்தும் என்பதால், அவற்றுள் எவை தனித்துத் திரிந்தவை, எவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுவால் விழுங்கப்பட்டும் இன்னும் சாகாதவை என்பதை அந்த எண்ணிக்கை காட்டாது. அதே நேரங்களில் ஒளிரும் பூஞ்சையைக் கொண்டு, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் செய்தால்தான் விழுங்கும் வேகத்தையும் கொல்லும் வேகத்தையும் பிரித்தறியலாம்.

பூஞ்சை வெளியே, நியூட்ரோஃபிலுக்குள், மோனோசைட் என்னும் மற்றொரு வெள்ளையணுவுக்குள் என மூன்று இடங்களில், உயிருடனோ இறந்தோ இருக்கலாம். இந்த ஆறு நிலைகளிலிருந்து தொடங்குங்கள். ஆரோக்கியமானவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 2,500 முதல் 7,000 நியூட்ரோஃபில்கள் இருப்பதால், மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பூஞ்சைகளைச் சேர்த்தாலும், அதாவது மைக்ரோலிட்டருக்கு 1,000, செல்களே மிகுதி; அவற்றின் எண்ணிக்கையை மாறிலியாகக் கொள்ளலாம், சமன்பாடுகளும் நேரியலாகிவிடும். வெளியே உயிருடன் இருப்பவை 30 நிமிடத்தில் பாதியாகக் குறைந்தால், அவை அந்த நிலையை விட்டு நீங்கும் மொத்த வேகம் 0.693/30, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 0.023.

சிக்கல், நேரத்தோடு எண்ணிக்கை குறையும் வளைவின் வாலில் இருக்கிறது. மாதிரி பூஞ்சையைச் சுழியம் நோக்கிக் கொண்டுசெல்ல, தரவோ ஓரிடத்தில் தேங்கி நிற்கும். ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட மாதிரி, நியூட்ரோஃபில்களின் பங்கே மேலோங்கியது என்று காட்டியதோடு, விழுங்கலுக்கும் கொல்லலுக்கும் தப்பிய பூஞ்சைகளுக்கெனத் தனி நிலையும் வைத்தது. நீங்களும் அதைச் சேர்க்கலாம். ஆனால் எந்தத் தேக்கத்தையும் தப்பித்தல் என்று பெயரிட்டுவிடுவது எளிது என்பதால், முதலில் இரண்டைச் சரிபாருங்கள். 37 டிகிரி செல்சியஸில் இழைவிடும் கேண்டிடா திரண்டால் பல செல்கள் ஒரே காலனியாகிவிடும். மேலும், இரத்தம் உறைவதைத் தடுக்க ஈடிடிஏ என்னும் வேதிப்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைத்து, இரத்தத்தின் தற்காப்புப் புரதங்களான காம்ப்ளிமென்ட் அமைப்பை முடக்கிவிடும். பூஞ்சையின் மேல் படிந்து விழுங்கலுக்கு வழிவிடுவது அந்த அமைப்பே. ஈடிடிஏவுக்குப் பதிலாக, அதை முடக்காத உறைவுத்தடுப்பியான ஹிருடின் நல்லது.

தனித்தனிச் செல் மாதிரி, நியூட்ரோஃபில்கள் மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே இறங்கும்போதோ பூஞ்சைகள் மிகச் சிலவாக இருக்கும்போதோ பயன்படும்; அங்கே சராசரியைவிடத் தற்செயலான சந்திப்புகளே முடிவைத் தீர்மானிக்கின்றன.