சாமான் எடுக்கப் போறதுக்கு டூரிஸ்ட் விசா போதுமா?

காத்தான்குடி, மருதமுனைப் பக்கம் கடை வெச்சிருக்கிற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்வி இது, சென்னைக்குப் போய் துணி எடுக்க டூரிஸ்ட் விசா காணுமா எண்டு. காணாது. டூரிஸ்ட் விசா எண்டா சுத்திப்பாக்க, சொந்தக்காரரைப் பாக்க. விக்க வாங்க, வியாபாரம் பேசப் போறதெண்டா இந்தியாவுக்கு பிஸ்னஸ் விசா, ரெண்டையும் ஒன்லைனிலயே ஈ-விசாவா எடுக்கலாம்.

ஏன் பிரிச்சி வெச்சிருக்காங்க? வாற ஆள் என்ன செய்யப் போறார் எண்டு அந்த நாட்டுக்குத் தெரியணும், அதுக்கேத்த மாதிரித்தான் கடிதம், கம்பனிப் பதிவு எல்லாம் கேப்பாங்க. கல்முனையில குடியிருக்க எண்டு வீடு வாடகைக்கு எடுத்துட்டு மறுகா முன்விறாந்தையில கடை போட்டா வீட்டுக்காரர் விடுவாரா, அதேதான் இதுவும். ஏர்போட்டில ஒண்டும் மறைச்சிச் சொல்லாதீங்க, திருப்பி அனுப்பினா அடுத்த விசாவுக்கும் அது கரைச்சல்.

எல்லா நாடும் இப்பிடி இல்ல. அமெரிக்காவில பி1/பி2 எண்டு பிஸ்னஸ், டூரிஸ்ட் ரெண்டையும் ஒரே விசாவா குடுப்பாங்க, லண்டன் போறதெண்டா ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவிலயே ஊரும் பாக்கலாம் மீட்டிங்கும் போகலாம்.

பிஸ்னஸ் விசா இருந்தா அங்க வேலையும் செய்யலாம் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, அது பிழை, அங்கத்தக் கம்பனியில சம்பளத்துக்கு நிக்கிறதெண்டா வேலை விசா தனியா எடுக்கணும்.