வாசகர் கேள்வி: ‘தண்ணி’ என்றே சொல்லட்டும்

கேள்வி: களக்காடு பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள 8 வயதுப் பையனுக்கு நாலைந்து சொல்தான் பேச்சு. படம் காட்டி “இது என்ன?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை

பதில்: முதலில் காதைப் பாருங்கள் டீச்சர். இந்தப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) இருந்தால், நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாவது அடிக்கடி நடக்கும். ‘புரியவில்லை’ என்று நாம் நினைப்பது சில நேரம் காதில் விழாததாக இருக்கும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள்.

“இது என்ன?” என்பது பரீட்சை. தெரியாத பிள்ளைக்கு அதில் கற்க ஒன்றுமில்லை. சொல் தேவைப்படும் நேரத்தில் சொல்லைக் கொடுங்கள். அதற்குச் சத்துணவு நேரம் போல வாய்ப்பு வராது. ஆயா ஒரு கரண்டி சோறு வைத்ததும் நிறுத்தட்டும். அவன் முகத்துக்கு நேரே குனிந்து “இன்னும் வேணுமா?” என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறோம். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி கேட்டுவிடுகிறோம். அவன் மனசுக்குள் கூட்டிச் சேர்த்த பதில் கலைந்துபோகிறது. “இன்” என்றாலும், தட்டை நீட்டினாலும் அது பதில்தான். “இன்னும் சோறு” என்று சொல்லி உடனே வையுங்கள். அவன் “சோறு” என்றால் நீங்கள் “சோறு வை”. ஒரு சொல்தான் கூட்ட வேண்டும். சரியாகச் சொல்லும்வரை சோற்றைப் பிடித்து வைக்கவே கூடாது. பசியில் பிள்ளை அழுமே தவிர பேசாது.

ஒரு மாதத்துக்குத் தா, வேணும், வேண்டாம், இன்னும், போதும், இந்த ஐந்தே போதும். பெயர்களாகவே பழக்கினால் ஆடு, மாடு என்று சொல்லுவான். தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாது. வீட்டில் ‘தண்ணி’, பள்ளியில் ‘தண்ணீர்’ என்றால் அவனுக்கு அது இரண்டு சொல். மெதுவாக என்பதற்கு வீட்டில் ‘பைய’ என்றால் நீங்களும் ‘பைய’ என்றே சொல்லுங்கள்.

எந்தச் சொல்லை, நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் எத்தனை முறை சொன்னான் என்று நோட்டில் கோடு போட்டு வாருங்கள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வரும்போது அந்தக் கோடுகளைக் காட்டினால் அடுத்த ஐந்து சொல்லைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.

கேள்வி: வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பிள்ளையைப் பழக்கினால் அதற்குப் பேச்சு வராமலே போயிடாதா?
- ஒரு தாய், மானூர்

பதில்: போகாதும்மா. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. பல பிள்ளைகளுக்கு அதோடு சேர்ந்தே பேச்சு வருகிறது. உங்கள் வீட்டுச் சொம்பு, பிள்ளையின் தட்டு, கக்கூஸ் கதவு, விளையாடும் பந்து, இந்த நாலையும் போனில் எடுத்து லேமினேட் போடுங்கள். பிள்ளை படத்தை எடுத்து நீட்டும்போதெல்லாம் அந்தச் சொல்லை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். பீரோவுக்குள் பத்திரப்படுத்தாமல், கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள்.