படுக்கும்போது எவ்வளவு, எழும்போது எவ்வளவு?

கேள்வி: எனக்கு 52 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். இனிப்பு நீர் நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தபிறகு, ஒன்பதரைக்கு மேல்தான் சாப்பாடு. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் காலையில் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 7.8, 8.2 என்றே காட்டுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் தூங்கினாலும் உங்கள் கல்லீரல் தூங்குவதில்லை, அம்மா. விடியற்காலையில் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் கூடும்போது, அது சேர்த்துவைத்த சீனியை இரத்தத்தில் இறக்கிவிடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பால் அதைச் சமாளிக்க முடிவதில்லை.

முதலில் மூன்று நாள், படுக்கும் முன்னும் எழுந்ததும் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். படுக்கும்போதே 10, 11 இருந்தால் இரவுச் சாப்பாட்டில்தான் கோளாறு. படுக்கும்போது 6.5, காலையில் 8 என்றால் கல்லீரலின் வேலையாக இருக்கலாம். (தமிழ்நாட்டு வீடியோக்களில் 126, 140 என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். மலேசியாவில் நம் மீட்டர் காட்டும் எண்ணை (mmol/L) 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் (mg/dL). உங்கள் 7.8 அங்கே 140.)

சப்பாத்திக்கு மாறியதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நான்கு சப்பாத்தி போனால் அதுவும் ஒரு தட்டுச் சோறு மாதிரிதான். அரசு கிளினிக்கில் ‘சுக்கு சுக்கு செபாரு’ (மலாயில் ‘கால், கால், பாதி’) என்று சொல்வார்களே, அதுதான் சரி: தட்டில் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, கால் பங்கு மீனோ கோழியோ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். இரவில் அந்தப் பாதியைக் கங்கோங் கீரை, பயற்றங்காய் என்று காயாலேயே நிரப்புங்கள். நேரத்தையும் மாற்றுங்கள். நீங்கள் ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டு, அவர் வந்ததும் கூட உட்கார்ந்து பேசுங்கள். அப்போது கையில் மைலோ வேண்டாம். அதில் ஊற்றும் இனிப்பு டின் பாலில் ஏறக்குறையப் பாதி சீனி. மைலோவை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

அப்புறம் நடை. சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால் தசைகள் சீனியை இழுத்துக்கொள்ளும். இருட்டு, நாய்த் தொல்லை என்றால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். எடை கூடுதலாக இருந்தால் நாலைந்து கிலோ குறைந்தாலே காலை எண்ணில் தெரியும். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கெட்ட தூக்கமும் சீனியை ஏற்றும்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பின்னால் கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால், சீனி அளவுக்கு மேல் இறங்கலாம்;, நடு இரவில் வியர்வை, நடுக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். 4-க்குக் கீழே போனால் உடனே இனிப்பு சாப்பிட வேண்டும். பெரும்பாலோருக்கு வெறும் வயிற்றில் 4.4 முதல் 7 வரை போதும். மூன்று நாள் எடுத்த ஆறு எண்களையும் கிளினிக் புத்தகத்தில் எழுதி, அடுத்த தவணைக்குக் கொண்டுபோங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற டாக்டருக்கு அதுதான் உதவும்.