அகழாய்வு வேலைக்குப் போகுமுன் எதைக் கற்க வேண்டும்?

கேள்வி: எம்.ஏ. தொல்லியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெரும்பாலும் வகுப்பறைப் பாடம்தான். களப்பயிற்சியும் குழிக்குள் இறங்கி மண் அள்ளியதோடு சரி. வேலைக்குப் போகுமுன் நானாக எதைக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: உடைந்த பானை ஓடுகளை வரையக் கற்றுக்கொள்ளுங்கள். தோண்டுவது சில மாதங்களில் முடிந்துவிடும். கழுவி, எண் எழுதி, வகை பிரித்து, வரைந்து, அறிக்கையாக்கும் வேலைதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்கு ஆள் போதவில்லை, பாடத்திட்டமோ தோண்டுவதோடு நின்றுவிடுகிறது. சரிசெய்தே ஆகவேண்டிய குறை இது.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1944-இல் தட்சசீலத்தில் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) நடத்திய பயிற்சிப் பள்ளியில் படிப்பே களத்தில்தான் நடந்தது. பின்னாளில் புகழ்பெற்ற தொல்லியலாளரான பி.பி.லால் அங்கே பயின்றவர். அடுத்த ஆண்டு வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியில் செய்த அரிட்டைன் பாண்டங்களின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அவற்றின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அந்த வகைப் பானைகள் கிடைத்த மற்றத் தென்னிந்திய ஊர்களுக்கும் அதுவே அளவுகோலாயிற்று. எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்று பதியாமல் விட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

சரி, எப்படித் தொடங்குவது? வாய்விளிம்புள்ள ஓடு ஒன்றை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே வெளிச்சம் தெரியாத வரை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். இடைவெளி மறைந்ததும் பானையின் உண்மையான சாய்வு கிடைத்துவிடும். அப்புறம், ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த தாளில் விளிம்பைப் பொருத்துங்கள். எந்த வட்டத்தோடு ஒட்டுகிறதோ, அதன் விட்டம்தான் வாயின் விட்டம்.

இதற்காகத் தொல்லியல் மேடுகளில் ஓடு பொறுக்காதீர்கள். மேலே சிதறிக் கிடப்பதும் சான்றுதான், எடுத்தால் போயிற்று. பக்கத்து ஊர்க் குயவரிடம் உடைந்த சட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். அவர் விளிம்பை மடிப்பதையும் அடிப்பாகத்தைத் தட்டி எடுப்பதையும் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டில் தெரியும் விரல்தடமும் கோடும் எப்படி வருகின்றன என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

மண்ணடுக்கு வரைவதற்கு, வீடு கட்டத் தோண்டிய அஸ்திவாரக் குழி போதும். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு இறங்குங்கள். சுவரில் மட்டம் பார்த்து நூல் கட்டி, அதிலிருந்து மேலும் கீழும் அளந்து கிராஃப் தாளில் குறியுங்கள். மண்ணின் நிறம், இறுக்கம், கலந்திருக்கும் கல், கரி எல்லாவற்றையும் எழுதுங்கள். வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் இலவசம்தான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் சேர்ந்து துறைத் தலைவரிடம் ஒரு கோரிக்கையும் வையுங்கள். "வீலரின் முறையை விளக்குக" என்று தேர்வில் கேட்பதற்குப் பதில், மேசையில் பத்து ஓடுகளை வைத்து வகை பிரிக்கச் சொல்லலாம். களப்பயிற்சி மதிப்பெண்ணில் பாதியைக் களக் குறிப்பேட்டுக்கும் வரைபடங்களுக்கும் ஒதுக்கலாம். அருகில் அகழாய்வு முடிந்த இடம் இருந்தால், ஓடு பிரிக்கும் வேலையில் மாணவர்களைச் சேர்க்கும்படி தொல்லியல் துறைக்குக் கல்லூரி வழியாகவே எழுதச் சொல்லுங்கள்.