பயணக் காசும் பெட்டி இலக்கமும்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். பேராதனையில் முதுதத்துவமாணிக்குப் பதிந்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களில் மிஷன் நடத்திய பாடசாலைகள்தான் என் தலைப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள், தங்களிடமுள்ள பழைய ஆவணங்களைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பயணச் செலவு தருகின்றனவாம். எங்களைப் போன்றவர்களுக்கும் கிடைக்குமா? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? என் விரிவுரையாளர் “போட்டுப் பாருங்களேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.
ஓர் ஆசிரியை, தலவாக்கலை

கிடைக்கும் மகள். எனக்கே கிடைத்தது, மூன்றாவது தடவையில். நான் டிக்கோயாவில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். நூலகத்தில் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டியே முப்பது வருடம் ஓட்டியவள். அதனால் முதல் இரண்டு தடவை ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் விண்ணப்பத்தை நான் கோப்பிக் காலத்திலிருந்து தொடங்கினேன். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தது, வழியில் செத்தது, கடனைத் துண்டில் எழுதி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை, கங்காணி, 1948இல் பிரஜாவுரிமை போனது, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று நாலு பக்கம். அழுதுகொண்டே எழுதினேன். வாசித்தவர் அழுதாரோ தெரியாது, காசு தரவில்லை. இரண்டாவதில் அழுகையைக் குறைத்து ஆங்கிலத்தைக் கூட்டினேன். அதற்கும் அதே பதில்தான்.

மூன்றாவது தடவை, பக்கத்து மேசையில் வேலை செய்த ஒருவர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “நீங்கள் அங்கே போய் எந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறீர்கள்?” என்னிடம் பதில் இல்லை. அவர்கள் கேட்பதும் அதையேதான். இது கஷ்டப்பட்டவர்களுக்கான உதவியும் இல்லை, நல்ல தலைப்புக்கான பரிசும் இல்லை. அவர்களிடம் ஒரு தொகுப்பு இருக்கிறது, அதை யாராவது வந்து பயன்படுத்த வேண்டும், அதற்குத்தான் காசு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ரூபன்ஸ்டீன் நூலகத்தைப் பாருங்கள். அங்கே விளம்பர வரலாற்றுக்கு ஒரு நிலையம், பெண்கள் வரலாற்றுக்கு ஒரு நிலையம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பயண நிதி வைத்திருக்கிறார்கள். நூறு மைலுக்கு அப்பால் இருந்து வருகிறவர்தான் விண்ணப்பிக்கலாம். தலவாக்கலை அந்த நிபந்தனையில் தாராளமாகத் தேறும்! ஆனால் விளம்பரத் தொகுப்புக்கான நிதிக்குத் தோட்டப் பாடசாலை என்று எழுதினால், எவ்வளவு நல்ல ஆய்வானாலும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். தேயிலை விளம்பரம் என்று எழுதுகிறவருக்கு அங்கே இடமிருக்கும்.

ஆகவே ஆவணம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். காசு யார் தருகிறார்கள் என்பது அப்புறம். தோட்டங்களில் பாடசாலை நடத்திய தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கியது. அது சர்ச் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்தது. அந்தச் சங்கத்தின் ஆவணங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. மெதடிஸ்த மிஷனுடையவை லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரியின் நூலகத்தில். இந்த இரண்டின் பட்டியல்களையும் வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். தேடும்போது ‘தமிழ்’, ‘பாடசாலை’ என்று மட்டும் தட்டினால் போதாது. ‘கூலி’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அவர்கள் எழுதிய இரண்டு மூன்று விதத்திலும் தட்ட வேண்டும். எனக்கு முதல் நாள் கை கூசியது. ஆனால் அந்தச் சொல்லைத் தட்டாமல் அந்தப் பட்டியல்களில் நம் ஆட்களைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றும் உங்களுக்கு உதவும். சர்ச் மிஷனரி சங்கத்துக்கு வந்த கடிதங்கள் 1880 வரை எழுதிய மிஷனரியின் பெயரில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன்பிறகு வந்து சேர்ந்த ஒழுங்கில். அதனால் 1880க்கு முந்திய காலத்துக்கு யார் யார் அந்த மிஷனில் வேலை செய்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும், பிந்திய காலத்துக்குத் திகதிகள். இதைத் தெரிந்துகொண்டு, ‘இந்த இந்த மிஷனரிகளின் கடிதங்கள், இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை, பாடசாலையில் யாரைச் சேர்த்தார்கள், பெண் பிள்ளைகளை எப்போது சேர்த்தார்கள் என்று பார்க்க’ என்று எழுதினீர்களானால், பட்டியலைப் படித்த ஆள் என்று அவர்களுக்கு உடனே விளங்கிவிடும். அந்த ஒரு பந்தி என் நாலு பக்கத்துக்குச் சமம்.

அடுத்து அவர்கள் கேட்பது, ‘இங்கே வந்துதான் பார்க்க வேண்டுமா?’ என்று. அந்தச் சங்கத்தின் ஆவணங்களில் பெரும் பகுதி ஏற்கெனவே நுண்படமாகவும் பின்னர் சந்தா கட்டிப் பார்க்கும் இணையத் தொகுப்பாகவும் வந்துவிட்டது. எது வந்தது, எது வரவில்லை என்று பார்த்து, வராததைச் சொல்லுங்கள். இங்கே இருப்பதையும் முடித்துவிட்டீர்கள் என்று காட்ட வேண்டும். பேராதனை நூலகம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில். தேசிய சுவடிகள் காப்பகம் கொழும்பில், கண்டியில் அதற்குக் கிளையும் இருக்கிறது. பொதுக் கல்வித் திணைக்களத்தின் நிர்வாக அறிக்கைகளைப் பார்க்காமல் பர்மிங்ஹாமுக்குப் போவது, பக்கத்துத் தோட்டத்தில் கிடைப்பதைத் தேடி நுவரெலியா டவுனுக்குப் போகிற மாதிரி. தோட்டங்களின் விபரங்களைப் பட்டியலிட்ட பழைய கையேடான பெர்குசன் டிரெக்டரியையும் விடாதீர்கள். நாம் ஒரு பெயரில் சொல்லும் தோட்டத்தை வெள்ளைக்காரர் வேறொரு பெயரில் எழுதினார்கள். எந்த வருடம் எந்தத் தோட்டம் யார் கையில் இருந்தது என்று அதில்தான் பிடிக்கலாம். பின்னால் கம்பெனிக் காகிதங்களைத் தேடும் நாள் வந்தால் அது பெரிய உதவி. இங்கே தோட்டங்கள் வைத்திருந்த ஃபின்லே கம்பெனியின் ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே போய்த் தோட்டத்தின் தமிழ்ப் பெயரைச் சொன்னால் யாருக்கு விளங்கும்?

சரி, காசு. பல நூலகங்கள் முன்பணம் தருவதில்லை. டியூக்கிலும் அப்படித்தான். போய் வந்து, பற்றுச்சீட்டுகளை அனுப்பியபிறகுதான் கைக்கு வரும். நம் சம்பளத்தில் டிக்கெட் காசை முதலில் போடுவது விளையாட்டில்லை. நான் அக்காவின் சீட்டுக்காசை வாங்கித்தான் விமானம் ஏறினேன். முன்கூட்டித் தர முடியுமா, தங்குமிடத்துக்கு நேரே கட்டுவீர்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நான் பயந்து கேட்கவில்லை. பிறகு, என்னோடு அங்கே இருந்த இன்னொரு பெண்ணுக்குத் தங்குமிடத்தை அவர்களே கட்டினார்கள் என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது. விசாக் கட்டணமும் கணக்கில் சேருமா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பற்றுச்சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் தரும் அந்தப் பளபளப்பான சீட்டில் எழுத்து மங்கிவிடும். ஊருக்கு வந்து ஆறு வாரம் கழித்துப் பையைத் திறந்தபோது என் கையில் இருந்தவற்றில் பாதி வெறும் வெள்ளைக் காகிதம். அந்தச் சாப்பாட்டுக் காசு போனது போனதுதான். அன்றன்று இரவே போனில் படமெடுத்து வையுங்கள்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் செய்தேன். ஐந்து நாள் கணக்குப் போட்டுப் போனேன். திங்கட்கிழமை காலை பென்சிலோடு (பேனாவை உள்ளே விடமாட்டார்கள்) போய் உட்கார்ந்து பெட்டியைக் கேட்டால், அது வேறு ஊரில் களஞ்சியத்தில் இருக்கிறதாம், வர இரண்டு நாளாம். பட்டியலிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெட்டி இலக்கத்தைப் படித்த நான் அந்த வரியைப் படிக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் பெட்டி வந்தது. ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை தன் தாய்க்கு எழுதிய கடிதங்கள். அவருடைய நாய்க்குப் பெயர் இருந்தது, குதிரைக்குப் பெயர் இருந்தது. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்த ஆட்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தது. அந்த எண்ணிக்கைகளைத்தான் மீதி இரண்டரை நாளும் எழுதி எடுத்தேன். நீங்கள் போகுமுன் மூன்று வாரம் இருக்கும்போதே எல்லா இலக்கங்களையும் அனுப்பி, மேசைக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சிபாரிசுக் கடிதத்துக்கு உங்கள் விரிவுரையாளரை ஒரு மாதம் முந்தியே பிடித்துவிடுங்கள். என்ன எழுத வேண்டும் என்று நீங்களே குறிப்பு எழுதிக் கொடுங்கள். “போட்டுப் பாருங்களேன்” என்றவர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

கேள்வி: எங்கள் தோட்ட ஆபீசைத் திருத்தும்போது தொழிலாளரின் பெயரும் வேலை நாளும் சம்பளமும் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்களைக் குப்பையில் போட்டார்கள். பதினொன்றை எடுத்து வந்துவிட்டேன். சிலதில் கறையான் அரித்திருக்கிறது. என்ன செய்யலாம்? யாராவது வாங்குவார்களா?
ஒரு வாசகர், பண்டாரவளை

விற்காதீர்கள் தம்பி. எடைக்குப் போட்டால் வருவது வடைக்கும் தேத்தண்ணிக்கும் சரியாகிவிடும். முதலில் ஆபீசிலிருந்து ‘வேண்டாமென்று கழித்தவை’ என ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு யாரும் களவு என்று சொல்லக்கூடாது. கறையான் பிடித்ததை மற்றவற்றிலிருந்து பிரித்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைத்து, மெல்லிய தூரிகையால் துடையுங்கள். முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, ஒழுங்கு மாறாமல் படமெடுங்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவமாக்கி வரும் நூலகம் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மேலே நான் சொன்ன துரையின் கடிதங்களில் இல்லாத பெயர்கள் உங்கள் பதினொரு புத்தகத்தில்தான் இருக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சில வருடத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.